ஒரு பாடும் விட்டதில்லை

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நோயாளிகளின் பெயரும் டோக்கன் நம்பரும்தான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றும் தடுமாறும். தப்பு இருந்தால் மனதுக்குள்ளேயே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன்.

ஏரிக்கரையில் இருக்கும் நம் கிளினிக்கில் நான் பார்த்த அட்டெண்டர் வேலையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். கதவு திறப்பது, டோக்கன் கொடுப்பது, கட்டுப் போடும்போது கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். டாக்டர் அறையில் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறவர்கள் நேரே நம்மிடம் வந்து, “டாக்டரு இன்னா சொன்னாங்க?” என்று கேட்பார்கள். நம்முடைய பேச்சு அவர்களுடைய பேச்சு. நம்மில் பலரும் இந்தக் கரையில் பிறந்தவர்கள். நம்மிடம் கேட்க வெட்கமில்லை. அந்த ஒரு கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் காகிதம்.

தேசம்மா அக்காவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வயது அறுபதைத் தாண்டியவர். கரைக்கு வரும் இறாலையும் மீனையும் தரம் பிரித்து, வியாபாரிகளிடம் பேரம் பேசி விற்பது அவர் வேலை. புருஷன் ஏகாம்பரம் அண்ணன் ஏரியில் வலை கட்டுகிறவர். வாயைத் திறந்து பேசவே யோசிப்பவர்.

அக்கா ஒருநாள் வீட்டு வாசலில் ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றினார். பெரிய விழுகை இல்லை. ஆனால் மணிக்கட்டு உடைந்துவிட்டது. இவ்வளவு சின்ன விழுகையில் ஏன் உடைய வேண்டும் என்று நம் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

“உங்களுக்கு எலும்புப்புரைன்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார் டாக்டரம்மா. அவர் மதுரைப் பக்கம். வயது குறைவு, பொறுமை அதிகம்.

அக்கா கொஞ்சமும் அதிரவில்லை. “பொரை கண்ணுலதானே வரும்? எலும்புலயுமா?”

“இது வேற புரைம்மா.”

“எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணுல வந்துச்சு. அரை மணி நேரத்துல எடுத்து வுட்டாங்க. இதையும் எடுத்துடுங்க. எனக்கு வலி கிலி தெரியாது.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு யோசித்தார். எனக்கு இந்த மாதிரி இடங்கள் ரொம்பப் பிடிக்கும். ஒரு சொல் ஒருவர் வாயிலிருந்து கிளம்பி இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேரும்போது என்னவாக மாறியிருக்கிறது என்று பார்ப்பது. படித்தவர்கள் புத்தகம் பார்ப்பார்கள், நான் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“அண்ணே, உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்றது?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எலும்பு உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை படத்தில் காட்டியிருந்தார். நெருக்கமாகப் பின்னிய வலை மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். “அக்கா, எலும்புக்குள்ள வலை மாதிரி இருக்குது. உனக்கு நூலு மெலிஞ்சி, கண்ணு பெரிசாயிட்ச்சி. மேல பாத்தா தெரியாது. இழுத்தா அறுந்துடும்.”

அக்கா தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். “வலைன்னா நானே பின்னுவேனே. எதால பின்றது?”

“புதுசாப் பின்ற மருந்து இல்லம்மா இது” என்றார் டாக்டரம்மா. “உடம்பு பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு எடுத்துட்டு, புதுசு வெச்சுக்கிட்டே இருக்கும். தீட்டு நின்ன பிறகு எடுக்கறது அதிகம், வைக்கறது குறைவு. இந்த மாத்திரை அந்த எடுக்கறதைக் குறைக்கும்.”

தீட்டு என்றதும் நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

“அதாவது நண்டு வலைய அறுக்குது. மாத்திரை நண்டைத் தொரத்துது” என்றார் அக்கா.

“இதை நான் எழுதி வெச்சுக்கறேன்” என்றார் டாக்டரம்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “இது வலிக்காதும்மா, அதுதான் இதுல கஷ்டம். உடையற வரைக்கும் தெரியாது. மணிக்கட்டுன்னா கட்டுப் போட்டுடலாம். இடுப்பு உடைஞ்சா படுக்கைதான். அது வராம பாத்துக்கணும்” என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “நான் படுத்தா எங்க வூட்ல மீனு விக்க ஆளில்ல. அந்த ஆளுக்கு பேரம் பேச வராது. வியாபாரி கேட்ட வெலைக்குக் குட்த்துட்டு சிரிச்சினு வருவாரு” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த மாத்திரையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒன்றுதான். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் டீ கூடக் கூடாது, படுக்கக் கூடாது. நிற்கலாம், உட்காரலாம், நடக்கலாம். படுத்தால் மாத்திரை தொண்டைக் குழாயில் நின்று புண்ணாக்கிவிடும். தினமும் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தனி.

மருந்து ஜன்னல் பக்கத்தில் இதை அக்காவுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வலை உதாரணம் பலித்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை ஏறியிருந்தது. நான் செய்த தப்பின் தொடக்கம் அந்தப் பெருமைதான்.

“வாரத்துக்கு ஒண்ணா? கெழமையெல்லாம் எனக்கு நெனப்புல நிக்காது தம்பி” என்றார் அக்கா. “எங்களுக்கு இன்னா, ஆபீசா கீது?”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. “உங்க கூட்டத்துக்கு பாடு எப்ப வருது?”

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் நீரோட்டம் நன்றாக இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து முறை வைத்திருப்பார்கள். உங்கள் கூட்டத்துக்கு முறை வரும் நாளுக்குப் பாடு என்று பெயர். பிள்ளை பிறந்த நாள் மறந்தாலும் பாடு மறக்காது.

“ஏழு நாளைக்கு ஒருவாட்டி” என்றார் அக்கா.

“அப்ப பாடு அன்னிக்கு போட்டுக்கோ. வலை கரைக்கு வரதுக்கு முன்னாடி எப்பிடியும் வெறும் வயித்துலதான் இருப்ப. மாத்திரைய முழுங்கிட்டு கரைக்குப் போய்டு. அரை மணி நேரம் நின்னுதானே ஆவணும்.”

“இது நல்லா கீதே” என்றார் அக்கா. “பாடுன்னா மாத்திரை. எவ மறப்பா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதைவிட யாராலும் நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வந்து போகச் சிரமம் என்பதால் ஆறு மாதத்து மாத்திரையையும் மொத்தமாகக் கொடுத்தனுப்பியிருந்தோம்.

அடுத்த ஐந்தாறு மாதத்தில் நடந்தது கரை முழுக்கத் தெரியும். ஏரி கடலில் போய்ச் சேரும் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டது. கடல் நீர் உள்ளே வரவில்லை, ஏரி நீர் வெளியே போகவில்லை. ஓட்டம் இல்லாத தண்ணீரில் கட்டு வலைக்கு வேலை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, முகத்துவாரம் திறக்கிற வரை பாடு கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் சிலர் கூலி வேலைக்குப் பொன்னேரிப் பக்கம் போனார்கள். நானும் தினம் அதைப் பற்றிப் பேசினேன், தினம் அதைப் பற்றிக் கேட்டேன். தேசம்மா அக்காவின் மாத்திரை எனக்கு ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் காலையில் அக்கா வந்தார். ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பாடு இல்லாததால் அக்கா வேறொரு வியாபாரியிடம் பெட்டி தூக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். ஐஸ் போட்ட பெட்டியைத் தூக்கியபோது முதுகில் பிடித்துக்கொண்டது. நான்கு நாளாகியும் விடவில்லை. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கம் அமுங்கியிருந்தது.

வெளியே அன்று நல்ல கூட்டம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மாத்திரை தவறாம போட்டீங்களாம்மா?”

“ஒரு பாடும் உட்டதில்ல டாக்டரம்மா” என்றார் அக்கா.

டாக்டரம்மா தலையசைத்து எழுத ஆரம்பித்தார். ‘வாட்டி’ என்பதைப் போல ‘பாடு’ என்பதும் இந்தப் பக்கத்துப் பேச்சு என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார். எனக்கு மட்டும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். நான்கு மாதமாகப் பாடே இல்லையே.

“ஒழுங்கா போட்டும் எலும்பு அமுங்கியிருக்குன்னா, உங்க உடம்புக்கு இந்த மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம்” என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். “வருஷத்துக்கு ஒருதரம் போடற ஊசி இருக்கு. சென்னைல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். மொதல்ல ரத்தம் பாக்கணும், பல்லு பாக்கணும்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். ஊசி நல்ல மருந்துதானே என்று தோன்றியது. அக்காவுக்கு நல்லதுதானே நடக்கப் போகிறது, நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று தோன்றியது. அக்கா பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா தப்பாக எழுதவில்லை. நடுவில் நின்ற நான் ஒருவன் பேசாமல் இருந்தால் எல்லாம் தன்னால் சரியாகப் போய்விடும். கூட்டம் வேறு காத்திருக்கிறது.

ஆனால் டாக்டரம்மாவின் பேனா ஓடுவதைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என்ன எழுதுகிறார் என்று தெரியும். இந்த மாத்திரை இந்த அம்மாவுக்குக் கேட்காது என்று எழுதுகிறார். அந்தக் காகிதம் அக்காவோடு சென்னைக்குப் போகும். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே போகும். அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“டாக்டர், அது பாடு” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“என்னண்ணே?”

“பாடு இல்ல டாக்டர். நாலு மாசமா. அக்கா மாத்திரை போடல. நான்தான் பாடு அன்னிக்குப் போடச் சொன்னேன்.”

டாக்டரம்மா பேனாவை வைத்தார். “உக்காருங்க” என்று நோயாளிகள் உட்காரும் ஸ்டூலைக் காட்டினார். அத்தனை வருடத்தில் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தது அன்றுதான். “பாடுன்னா என்ன? மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வியாகக் கேட்டார். எத்தனை கூட்டம், முறை எப்படி மாறும், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முறை போய்விடுமா, முகத்துவாரம் எத்தனை நாளில் திறக்கும் என்றெல்லாம். ஏகாம்பரம் அண்ணன்கூட இரண்டு பதில் சொன்னார்.

அக்காதான் பயந்துபோயிருந்தார். “இன்னா தம்பி, நான் தப்பு பண்ணிட்டனா? நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?”

“நான் சொன்ன மாதிரியேதான் செஞ்ச அக்கா. நான் சொன்னதுதான் தப்பு.”

“அப்ப என் எலும்பு ஒடைஞ்சது அதாலயா?”

டாக்டரம்மாதான் சொன்னார். “அப்படிச் சொல்ல முடியாதும்மா. மாத்திரை போட்டிருந்தாலும் ஒடைஞ்சிருக்கலாம். அது வேலை செய்யவே மாசக்கணக்கா ஆகும். எலும்பு அமுங்கின இந்தப் பள்ளம் புதுசா பழசான்னுகூட இந்தப் படத்துல எனக்கு நிச்சயமாத் தெரியல.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. நான் தப்பான காரணத்துக்கு மருந்தை மாத்த இருந்தேன்” என்றார்.

எழுதியதை அடித்துவிட்டு, அக்காவிடம் இரண்டு வழியையும் எடுத்து வைத்தார். அதே மாத்திரையைச் சரியாகப் போட்டுப் பார்க்கலாம். அல்லது ஊசிக்குப் போகலாம். முதுகில் ஒன்று அமுங்கியிருப்பதால் ஊசியும் நியாயம்தான், அது உங்கள் விருப்பம் என்றார். எதுவானாலும் பெட்டி தூக்கக் கூடாது, குனிந்து எடுக்கக் கூடாது, அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது, வலி குறைந்ததும் நடக்க வேண்டும்.

அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். “மாத்திரையே குடுங்க” என்றார் அக்கா. “வாங்கி வெச்சது அப்படியே கீது. கேக்கலன்னா ஊசிக்குப் போறேன்.”

“சரி. எப்படி ஞாபகம் வெச்சுப்பீங்க? நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். வெளியே யாரோ இருமினார்கள், குழந்தை அழுதது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. “எங்க பக்கத்து குப்பத்துல மாதா கோயில் கீது. ஞாயித்துக்கெழம விடியக்காலம் மணி அடிப்பான். ஏரி மூடுனாலும் கோயிலு மூடாது” என்றார் அக்கா.

“மணி அடிச்சதும் என்ன செய்வீங்க?”

“எழுந்து, வாய் கொப்புளிச்சி, பெரிய சொம்புல தண்ணி. மாத்திரை. அப்பறம் வாசலு கூட்டாம சும்மா ஒக்காந்துனு இருப்பேன். இவரு டீ கேட்டா, அரை மணி நேரம் கம்முனு இருன்னுவேன்.”

“அரை மணி நேரம் ஆச்சுன்னு எப்படித் தெரியும்?”

“பூசை பாதி ஆனா பாட்டு மாறும்.” பிறகு அக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “டாக்டரம்மா, ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கும் மணி அடிப்பாங்க, சாவுக்கும் அடிப்பாங்க. அதுக்கெல்லாம் மாத்திரை போடவா? இதை உங்ககிட்டயே கேட்டுக்கறேன். இந்தத் தம்பிகிட்ட கேட்டா போடுன்னுடும்.”

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

அன்று முதல் நான் யாரிடமும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் இதை எப்போது, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றுகொள்வேன். பேசாமல் நிற்பது எனக்கு எப்போதும் சுலபம். அவர்கள் சொல்லும்போது எத்தனை விதமாக வரும் தெரியுமா. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதை ஒருவர் சமைப்பதற்கு முன் என்று எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நீங்கள் சொல்லும் யோசனை நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும் சமயத்தில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நின்றுபோனால் என்ன ஆகும்? பாடு நிற்கும் என்று இந்தக் கரையில் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

அடுத்த வாரம் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். போன ஞாயிறு போட்டதைத் தள்ளினால் ஒன்பது குழி காலி. ஏகாம்பரம் அண்ணனிடம், மாத்திரை ஆரம்பித்த பிறகு பாடு நிற்கிற வரை எத்தனை பாடு போனீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, ஒன்பது என்றார். அக்கா சொன்ன சொல்லில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். நிமிர்ந்துதான் நின்றார்.

“மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சினு கீற?” என்றார். “அது உன்னால ஒடையல.”

“டாக்டருக்கே தெரியலையாம் அக்கா.”

“டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா என் உள்பாவாடை தரையில இழுக்குது. நாடாவ ரெண்டு மடிப்பு மடிச்சிக் கட்டினுகீறேன். துணி வளருமா? நான்தான் குள்ளமாயிட்டேன். கையி ஒடையறதுக்கு முன்னாடியே. அப்பவே அமுங்கியிருக்கும்.”

நான் தரையைப் பார்த்தேன். ஆண்பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது என்று ஏகாம்பரம் அண்ணன் எழுந்து வெளியே போனார்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். உயரம் குறைவது இந்த நோயில் உண்டு, பாவாடை இழுத்தது நிஜமென்றால் அது பழைய பள்ளமாக இருக்க நிறைய வாய்ப்பு என்றார். நிஜமென்றால் என்றுதான் சொன்னார்.

முகத்துவாரம் பிறகு திறந்தது, பாடும் வந்தது. அக்கா பெட்டி தூக்குவதில்லை, கரையில் நின்று பேரம் மட்டும் பேசுகிறார். அது இருக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இரண்டு வருடமாக நாடாவை மடித்துக் கட்டியவர் அதை ஏன் ஒருநாளும் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை? யாரும் கேட்காததால் சொல்லவில்லையா, அல்லது நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்த நிமிடத்தில் உண்டாக்கிச் சொன்னாரா? கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை கரைக்குப் போனேன். இரண்டு முறையும் கேட்காமலே திரும்பினேன். நீங்கள் என்னைப் போல இருக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள்.

எழுதி முடித்தது கார்த்திகை மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை.